தேதியை மாற்றி லாபம் பார்த்த அமெரிக்க சிஇஓக்கள்: ஒரு பேராசிரியரின் ஆய்வு அம்பலப்படுத்தியது எப்படி?

லாட்டரி குலுக்கல் முடிஞ்சு, எந்த நம்பருக்குப் பரிசுன்னு தெரிஞ்ச பிறகு, முந்தைய நாள் தேதி போட்டு டிக்கெட் வாங்க முடிந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி ஒரு வேலையைத்தான் அமெரிக்காவின் பல பெரிய நிறுவனங்களின் உயரதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் செய்து வந்தார்கள். ஆடிட்டர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வெளியாகியிருந்த புள்ளிவிவரங்களை வைத்து, ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர்தான் கண்டுபிடித்தார்.

கணக்கியல், நிதியியல் ஆய்வுகள் என்றாலே, "பேராசிரியர்கள் பேராசிரியர்களுக்காக எழுதுவது" என்ற பேச்சு உண்டு. உண்மையில் அந்த ஆய்வுகளுக்கும் அரசின் சட்டங்களுக்கும் என்ன தொடர்பு? 'ஸ்டாக் ஆப்ஷன் பேக்டேட்டிங்' என்று அழைக்கப்படும் இந்த விவகாரம் அதைத் தெளிவாகக் காட்டுகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்டாக் ஆப்ஷன் என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு, "இன்றைய விலைக்கே நம் பங்குகளை நீங்கள் பிற்காலத்தில் வாங்கிக்கொள்ளலாம்" என்று தரும் உரிமைதான் ஸ்டாக் ஆப்ஷன்.

இன்று பங்கு விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு கழித்து விலை 150 ஆனால், ஊழியர் 100 டாலர் கொடுத்து வாங்கி 150-க்கு விற்கலாம். பங்குக்கு 50 டாலர் லாபம். விலை 80-க்கு இறங்கினால்? அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம். கையிலிருந்து எதுவும் போகாது.

நிறுவனம் வளர்ந்தால்தான் ஊழியருக்கும் பணம் என்பதுதான் இதன் அடிப்படை. அதனால், ஆப்ஷன் கொடுக்கப்பட்ட தேதியும் அன்றைய பங்கு விலையும் மிக முக்கியம். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

'பேக்டேட்டிங்' எப்படி நடந்தது?

இன்றைய விலை 100 டாலர். இரண்டு மாதத்துக்கு முன் அதே பங்கு 60 டாலருக்குச் சரிந்திருந்தது. இப்போது நிர்வாகக் குழு சிஇஓ-வுக்கு 10 லட்சம் ஆப்ஷன் கொடுக்கிறது. ஆனால், ஆவணத்தில் இன்றைய தேதியைப் போடாமல் விலை 60 ஆக இருந்த நாளின் தேதியைப் போடுகிறது.

கணக்கு சிம்பிள். பங்குக்கு 40 டாலர் வீதம் 10 லட்சம் பங்குகள் என்றால் 4 கோடி டாலர். நிறுவனம் வளர வேண்டிய அவசியமே இல்லாமல், பேப்பரில் தேதியை மாற்றியதிலேயே வந்த லாபம் இது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பழைய தேதியின் விலையில் ஆப்ஷன் கொடுப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. அதை வெளிப்படையாகச் சொல்லி, அந்த 40 டாலரைச் செலவாகக் கணக்கில் காட்டி, அதற்குரிய வரியையும் கட்டினால் பிரச்னை இல்லை. "கொடுத்த அன்றைய சந்தை விலைக்குத்தான் கொடுத்தோம்" என்று பங்குதாரர்களிடம் சொல்லிவிட்டு, ரகசியமாகத் தேதியை மாற்றியதுதான் மோசடி.

ஏன் மறைக்க வேண்டும்?

இதற்கான விடை பழைய கணக்கு விதிகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1972-ல் வந்த ஒரு கணக்கியல் விதிப்படி, கொடுத்த அன்றைய சந்தை விலைக்கே வழக்கமான ஆப்ஷன் கொடுத்தால், லாப நஷ்டக் கணக்கில் அதற்கு ஒரு டாலர்கூடச் செலவு காட்ட வேண்டியதில்லை. சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தால், அந்த வித்தியாசத்தைச் செலவாகக் காட்ட வேண்டும். செலவு கூடினால் அறிவிக்கப்படும் லாபம் குறையும்.

1993-ல் வரிச் சட்டத்திலும் ஒரு மாற்றம் வந்தது. பொதுவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், உயரதிகாரி ஒருவரின் சம்பளத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரைதான் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. ஆனால் செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் ஊதியத்துக்கு அப்போது விலக்கு இருந்தது. சந்தை விலைக்குக் கொடுத்த ஆப்ஷன்கள் அந்த விலக்குக்குள் வந்தன.

ஆக, சிஇஓ சம்பளத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டமே, ஆப்ஷனை நோக்கி நிறுவனங்களைத் தள்ளியது. 'சந்தை விலைக்குத்தான் கொடுத்தோம்' என்று காட்டினால் கணக்கிலும் லாபம், வரியிலும் லாபம். உண்மையில் குறைந்த விலைக்குக் கொடுத்தால் சிஇஓ-வுக்கும் லாபம். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பெறும் வழியாகத் தேதியை மாற்றுவது இருந்தது.

முதல் சந்தேகம் யாருக்கு வந்தது?

1997-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் யெர்மாக் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1992 முதல் 1994 வரை பெரிய நிறுவனங்களின் சிஇஓக்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆப்ஷன்களை அவர் ஆராய்ந்தார். ஆப்ஷன் கொடுத்த உடனே பங்கு விலை ஏறுவது திரும்பத் திரும்பத் தெரிந்தது. நல்ல செய்தி வரப்போகிறது என்று தெரிந்து, அதற்குச் சற்று முன் ஆப்ஷன் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவரது விளக்கம்.

2000-ல் டேவிட் அபூடி, ரான் காஸ்னிக் என்ற இரு கணக்கியல் பேராசிரியர்கள் வேறு கோணத்தில் பார்த்தார்கள். ஆப்ஷன் தேதி முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட நிறுவனங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே தேதியை நகர்த்த முடியாது. அதனால் செய்தி நகர்த்தப்படுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது, கெட்ட செய்தியை ஆப்ஷன் தேதிக்கு முன்பே சொல்லி விலையை இறங்க விடுவது, நல்ல செய்தியைத் தேதி தாண்டும் வரை தள்ளிப்போடுவது.

இரண்டு ஆய்வுகளும் முக்கியமானவைதான். ஆனால், தேதியே பொய்யாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை.

எரிக் லீ கண்டுபிடித்தது என்ன?

அயோவா பல்கலைக்கழகத்தின் நிதியியல் பேராசிரியர் எரிக் லீ, 1992 முதல் 2002 வரை சிஇஓக்களுக்குக் கொடுக்கப்பட்ட 5,977 ஆப்ஷன்களை எடுத்துப் பார்த்தார். முன்கூட்டியே தேதி குறிக்கப்படாத ஆப்ஷன்களில் ஒரு விசித்திரமான வடிவம் தெரிந்தது. கொடுக்கப்பட்ட தேதிக்கு முன்பு விலை இறங்குகிறது. அந்தத் தேதியில் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதன் பிறகு ஏறுகிறது. வரைபடத்தில் பார்த்தால் அப்படியே ஒரு பள்ளத்தாக்கு. ஆண்டுகள் போகப் போக அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிக்கொண்டே போனது.

நிறுவனத்தின் உள் விவகாரம் சிஇஓ-வுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அடிமட்டத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்று வாதாடலாம். ஆனால் லீ இன்னொன்றையும் கவனித்தார். நிறுவனத்தின் பங்கு மட்டுமல்ல, ஒட்டுமொத்தச் சந்தையின் போக்கால் வரும் ஏற்ற இறக்கமும் அந்தத் தேதிகளோடு ஒத்துப்போனது.

இங்கேதான் விஷயம் மாட்டிக்கொண்டது. தன் கம்பெனியில் அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று ஒரு சிஇஓ-வுக்குத் தெரியலாம். மொத்தச் சந்தை நாளை ஏறுமா, இறங்குமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எதிர்காலத்தைக் கணிக்கும் அபார சக்தி இல்லையென்றால், குறைந்தது சில ஆப்ஷன்களுக்காவது, நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தேதி போட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு லீ வந்தார்.

அவரது ஆய்வுக் கட்டுரை 2005-ல் 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. அதற்கு முன்பே அது அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி-யின் கவனத்துக்குப் போயிருந்தது.

விவகாரம் வெடித்தது எப்படி?

2006 மார்ச் மாதம் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ், லீ உள்ளிட்டோரின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, குறிப்பிட்ட நிறுவனங்களின் தேதிகளை ஆராய்ந்து செய்தி வெளியிட்டது. ஒரு சிஇஓ-வின் ஆப்ஷன் தேதிகள் தற்செயலாக அப்படி அமைவதற்கான வாய்ப்பு சுமார் 30,000 கோடியில் ஒன்று என்று அந்த நாளிதழ் கணக்கிட்டது. இந்தச் செய்தித் தொடருக்கு 2007-ல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

அடுத்தடுத்து நடந்தவை:

• 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விசாரணை வளையத்துக்குள் வந்தன.

• யுனைடெட்ஹெல்த் நிறுவனத்தின் சிஇஓ வில்லியம் மெக்குவயர் 2006-ல் பதவி விலகினார். 2007 டிசம்பரில் எஸ்இசி-யுடன் அவர் செய்துகொண்ட சமரசத்தின் மதிப்பு 46.8 கோடி டாலர்.

• சிப் தயாரிப்பு நிறுவனமான பிராட்காம், தன் பழைய கணக்குகளைத் திருத்தி 220 கோடி டாலருக்கும் மேல் கூடுதல் செலவு காட்ட வேண்டியிருந்தது.

• ஆப்பிள் நிறுவனமும் தன் கணக்குகளைத் திருத்தி 8.4 கோடி டாலர் செலவைச் சேர்த்தது.

• காம்வெர்ஸ் நிறுவனத்தின் முன்னாள் சிஇஓ கோபி அலெக்ஸாண்டர் நமீபியாவுக்குப் போய்விட்டார். பத்து ஆண்டு கழித்து, 2016-ல் அமெரிக்கா திரும்பி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எல்லா வழக்குகளும் தண்டனையில் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிராட்காம் தொடர்பான குற்றவியல் வழக்குகள், அரசுத் தரப்பின் தவறான நடத்தையைக் காரணம் காட்டி 2009-ல் நீதிபதியால் தள்ளுபடி செய்யப்பட்டன. ஒட்டுமொத்தமாக ஏதோ தவறு நடந்திருக்கிறது என்பதைப் புள்ளியியல் காட்டலாம். ஆனால் குறிப்பிட்ட ஒருவர்தான் குற்றவாளி என்பதை நிரூபிக்க, நீதிமன்றத்தில் தனி ஆதாரம் வேண்டும்.

சட்டம் முன்பே வந்துவிட்டதா?

இந்தக் கதையின் சுவாரஸ்யமான பகுதியே இதுதான்.

என்ரான் மோசடிக்குப் பிறகு 2002-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தைக் கொண்டு வந்தது. அதில், உயரதிகாரிகள் ஆப்ஷன் பெற்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. 2002 ஆகஸ்ட் 29 முதல் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு, நிதியாண்டு முடிந்து 45 நாள் வரை காத்திருக்க முடியும். சில நேரம் ஓராண்டுக்கும் மேல் அவகாசம். பின்னோக்கிப் பார்த்து நல்ல நாளாகத் தேர்ந்தெடுக்க அது தாராளமாகப் போதும்.

அந்த விதி பேக்டேட்டிங்கைத் தடுப்பதற்காக எழுதப்பட்டதல்ல. அப்படி ஒன்று நடப்பதே சட்டம் இயற்றியவர்களுக்கு அப்போது தெரியாது. ஆனால், ஆய்வாளர்களுக்கு அது ஒரு நல்ல சோதனைக்களமாக அமைந்தது. தேதி உண்மையாக இருந்தால், அறிவிக்கும் கெடு மாறுவதால் விலைப் போக்கு மாறக் கூடாது. தேதி பொய்யாக இருந்தால், கெடு குறைந்ததும் பள்ளத்தாக்கு மறைய வேண்டும்.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் ரேண்டல் ஹெரானும் எரிக் லீயும் இதைச் சோதித்தார்கள். புதிய விதிக்குப் பிறகு அந்தப் பள்ளம் பெருமளவு குறைந்திருந்தது. ஒரு நாளுக்குள் அறிவித்தவர்களிடம் அது காணாமலே போயிருந்தது. தாமதமாக அறிவித்தவர்களிடம் மட்டும் தொடர்ந்தது.

2009-ல் வெளியான அவர்களது மற்றொரு ஆய்வு இன்னும் தெளிவான எண்களைத் தந்தது. 1996 முதல் 2005 வரை உயரதிகாரிகளுக்குக் கொடுத்த ஆப்ஷன்களில் 13.6 சதவீதம் தேதி மாற்றப்பட்டவை அல்லது வேறு விதத்தில் திரிக்கப்பட்டவை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். முன்கூட்டியே நாள் குறிக்காமல், சந்தை விலைக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆப்ஷன்களில் இது இரண்டு நாள் விதிக்கு முன் 23 சதவீதம், பின் 10 சதவீதம். ஏதாவது ஒரு சமயத்தில் இதைச் செய்த நிறுவனங்கள் 29.2 சதவீதம்.

ஒரு விதி வேலை செய்கிறதா, எவ்வளவு வேலை செய்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது? அரசுக்குத் தேவையான இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே ஆய்வு பதில் சொல்லிவிட்டது.

ஆய்வு சொன்னால் அரசு கேட்டுவிடுமா?

எப்போதும் இல்லை. அதற்கும் இதே ஆப்ஷன் விவகாரத்தில் உதாரணம் இருக்கிறது.

ஆப்ஷன் என்பது சம்பளம். சம்பளம் என்றால் செலவு. செலவு என்றால் கணக்கில் வர வேண்டும். இந்த எளிய தர்க்கத்தை அமெரிக்கக் கணக்கியல் தர வாரியமான எஃப்ஏஎஸ்பி 1993-லேயே முன்வைத்தது. சிலிக்கான் வேலி நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. அந்தத் திட்டத்தைக் கைவிடும்படி 1994-ல் அமெரிக்க செனட் 88-க்கு 9 என்ற வாக்குகளில் தீர்மானம் போட்டது. வாரியம் பின்வாங்கியது. 1995-ல் வந்த விதியின்படி, செலவைக் கணக்கின் அடிக்குறிப்பில் காட்டினால் போதும். அதன்பின் 2002 வரை எஸ் அண்ட் பி 500 பட்டியலில் தாமாக முன்வந்து அதைச் செலவாகக் காட்டியவை போயிங், வின்-டிக்ஸி என்ற இரண்டே நிறுவனங்கள்தான்.

என்ரானுக்குப் பிறகு காற்று மாறியது. முதலீட்டாளர்கள் ஆப்ஷனை உண்மையான செலவாகவே கருதிப் பங்கை மதிப்பிடுகிறார்கள் என்று கணக்கியல் ஆய்வுகள் காட்டின. மென்பொருள் நிறுவனங்களைப் பற்றிய ஆய்வில் வேறு விடையும் வந்தது. 2004 ஜூலையில் பிரதிநிதிகள் சபை மீண்டும் குறுக்கே நின்றது. உயர் பதவியில் உள்ள ஐந்து பேரின் ஆப்ஷன்களை மட்டும் செலவாகக் காட்டினால் போதும் என்ற மசோதாவை 312-க்கு 111 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. 2004 டிசம்பரில் எஃப்ஏஎஸ்பி புதிய விதியை வெளியிட்டது. எல்லா ஊழியர் ஆப்ஷன்களும் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

அதாவது, 1993-ல் இருந்த அதே வாதம் 2004-ல்தான் விதியானது. இடையில் மாறியது தர்க்கம் அல்ல, அரசியல் சூழல்.

இதைக் கணக்கியல் துறையே முன்பு எச்சரித்திருக்கிறது. ராஸ் வாட்ஸ், ஜெரால்ட் ஸிம்மர்மேன் என்ற இரு பேராசிரியர்கள் 1979-ல் எழுதிய கட்டுரை ஒன்று, கணக்கியல் கோட்பாடுகளுக்கான தேவையை 'சாக்குகளின் சந்தை' என்றே வர்ணித்தது. அரசியல் களத்தில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு ஏற்ற முடிவைச் சொல்லும் கோட்பாட்டைத் தேடி எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களின் வாதம்.

புதிய விதி வந்ததும் நிறுவனங்கள் என்ன செய்தன?

ஓட்டையைத் தேடின. ஆப்ஷனைப் பயன்படுத்தும் உரிமை முழுமையாக ஊழியர் கைக்கு வர சில ஆண்டுகள் ஆகும். புதிய விதி அமலுக்கு வருவதற்கு முன்பே அந்தக் காத்திருப்பைப் பல நிறுவனங்கள் ரத்து செய்தன. அப்படிச் செய்தால் வருங்காலக் கணக்கில் செலவு காட்ட வேண்டியதில்லை. பிரீத்தி சௌத்ரி, சிவராம் ராஜ்கோபால், மோகன் வெங்கடாசலம் ஆகிய கணக்கியல் ஆய்வாளர்கள் 2009-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

விதி போட்டால் நடத்தை மாறும். ஆனால் விதி போட்டவர் நினைத்தபடிதான் மாறும் என்று சொல்ல முடியாது.

இப்போது நிலைமை என்ன?

2006-ல் எஸ்இசி கொண்டு வந்த விதிப்படி, ஆப்ஷன் கொடுத்த நாளின் சந்தை விலைக்கும், ஆப்ஷனில் குறிக்கப்பட்ட விலைக்கும் வித்தியாசம் இருந்தால் நிறுவனம் அதைத் தெரிவிக்க வேண்டும்.

தேதியை மாற்றுவது கடினமானதும், பேச்சு பழைய உத்திக்குத் திரும்பியது. நல்ல செய்தி வெளியாவதற்குச் சற்று முன் ஆப்ஷன் கொடுப்பது. 1997-ல் யெர்மாக் சந்தேகித்த அதே விஷயம்தான். இத்தகைய ஆப்ஷன்களை எப்படிக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2021 நவம்பரில் எஸ்இசி வழிகாட்டுதல் வெளியிட்டது. முக்கியச் செய்தி வெளியாகும் நாளை ஒட்டிக் கொடுக்கப்படும் ஆப்ஷன்களைத் தனியாகப் பட்டியலிட வேண்டும் என்ற விதியையும் 2022 டிசம்பரில் ஏற்றது. ஓர் ஆய்வில் எழுந்த சந்தேகம் இப்படி ஒரு விதியாக மாற 25 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்தியாவில் விதி என்ன?

இந்தியாவில் 'இஎஸ்ஓபி' என்ற பெயரில் ஊழியர்களுக்கு ஆப்ஷன் தருவது, ஐடி நிறுவனங்கள், ஸ்டார்ட்அப்கள் மூலம் பரவலாகிவிட்டது. பெரிய பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் கட்டாயமான 'இண்ட் ஏஎஸ்' தரங்களில், 102-வது தரம் இதைப் பற்றியது. ஆப்ஷனின் நியாய மதிப்பைக் கொடுத்த தேதியில் கணக்கிட்டு, அதைச் செலவாகக் காட்ட வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குத் திட்டங்களுக்கு செபியின் 2021-ம் ஆண்டு விதிமுறைகள் பொருந்தும்.

சாதாரண பங்குதாரருக்கு இதில் என்ன இருக்கு?

பேக்டேட்டிங் பற்றி மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். விவகாரம் வெளியே தெரிந்தபோது, பங்குதாரர்களுக்கு ஏற்பட்ட இழப்பு சராசரியாக சுமார் 7 சதவீதம். ஒரு நிறுவனத்துக்கு ஏறக்குறைய 40 கோடி டாலர். அதே சமயம், உயரதிகாரிகள் தேதியை மாற்றி அடைந்த லாபம், சராசரியாக ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சில லட்சம் டாலர்கள்தான். சிலர் சம்பாதித்த லட்சங்களுக்காக, ஓய்வூதிய நிதியும் மியூச்சுவல் ஃபண்டும் வழியாகப் பங்கு வைத்திருந்த சாதாரண மக்கள் கோடிகளை இழந்தார்கள்.

நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், நிதிநிலை அறிக்கைகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளில் இஎஸ்ஓபி பற்றிய பகுதி இருக்கும். எத்தனை ஆப்ஷன் கொடுக்கப்பட்டது, எந்த விலைக்கு, அதற்காக எவ்வளவு செலவு காட்டப்பட்டது என்ற விவரங்கள் அதில் கிடைக்கும். கொடுத்த தேதி தெரிந்தால், அன்றைய பங்கு விலையை எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எரிக் லீயும் வெளியில் கிடைத்த தேதிகளையும் விலைகளையும் வைத்துத்தான் ஆரம்பித்தார்.